விழுங்குதலில் இடர்ப்படுவோர்க்கு உடல் நிலையும் தலை நிலையும் தரும் உதவி

உண்பதும் பருகுவதும் மனிதன் பிறந்த நாள் தொட்டுச் செய்துவரும் செயல்கள். ஆகவே, ஒரு கவளத்தை விழுங்குவதற்கு உடல் எத்துணை நுட்பமாகப் பணியாற்றுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பக்கவாதம், நடுக்குவாதம், மறதிநோய், வாய் அல்லது தொண்டைப் புற்றுநோய், குழந்தைகளின் மூளை முடக்குவாதம் ஆகியவற்றால் இப்பணி குலையும்போதுதான் அதன் அருமை புலனாகிறது. அந்நிலையில் உள்ளவர்க்கு ஒரு குவளைத் தண்ணீரும் அபாயமாக முடியக்கூடும்.

இத்தகையோர்க்கு உதவும் முறைகளில் மிக எளியதும் செலவற்றதும், உண்ணும்போது உடலையும் தலையையும் தக்க நிலையில் வைத்துக்கொள்ளுதலாகும். இதற்கு மருந்தோ கருவியோ வேண்டுவதில்லை. எனினும், எல்லா நோயாளிகளுக்கும் ஒரே நிலை பொருந்தாது. ஒருவர்க்கு நன்மை தரும் நிலை மற்றொருவர்க்குத் தீங்கு விளைவிக்கலாம். எனவே, எல்லார்க்கும் பொதுவானது எது, வல்லுநர் ஆராய்ந்து கூற வேண்டியது எது என்ற வேறுபாட்டைக் களப் பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் இன்றியமையாதது. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழுங்குதல் நடைபெறும் முறை

விழுங்குதலை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டியவர், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு உடலியல் அறிஞர் மஜாந்தி. முதற் கட்டம் வாயில் நிகழ்கிறது. உணவு மெல்லப்பட்டு, உமிழ்நீருடன் கலந்து, உருண்டையாகி, நாவினால் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. இது நம் விருப்பத்திற்கு உட்பட்ட செயல். இரண்டாவது கட்டம் தொண்டையில் நிகழ்வது. ஏறத்தாழ ஒரு விநாடியில் முடிந்துவிடுவது. தொடங்கியபின் இதை நம் விருப்பப்படி நிறுத்த இயலாது. மூன்றாவது கட்டத்தில், உணவுக்குழல் அலை போன்று சுருங்கி உணவை இரைப்பைக்குக் கொண்டு சேர்க்கிறது.

இம்மூன்றில் நெருக்கடியானது இரண்டாவது கட்டமே. மூச்சு செல்லும் வழியும் உணவு செல்லும் வழியும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. முன்புறத்தில் குரல்வளையும் மூச்சுக்குழலும், அவற்றின் பின்னே உணவுக்குழலும் அமைந்துள்ளன. உணவு தொண்டையை அடையும் அந்த ஒரு விநாடியில் மூச்சு நிற்கிறது. குரல்வளை மேலெழுந்து முன்னோக்கி நகர்கிறது. குரல் நாண்கள் நெருங்கி மூடுகின்றன. குரல்வளை மூடி என்னும் மடல் பின்னோக்கிச் சாய்கிறது. உணவுக்குழலின் மேல்வாயிலில் உள்ள வளையத்தசை தளர்ந்து வழிவிடுகிறது. மூளையிலிருந்து புறப்படும் நரம்புகளில் ஐந்து இணைகள் இப்பணியில் பங்குகொள்கின்றன. இவற்றுள் ஒன்று பிந்தினாலும் தளர்ந்தாலும் உணவு மூச்சுவழியில் நுழைந்துவிடும்.

புரையேறுதலும் அதன் அபாயமும்

உணவோ நீரோ மூச்சுவழியில் நுழைவதையே நாம் புரையேறுதல் என்கிறோம். உண்ணும்போது ஒருவர்க்குப் புரையேறினால் உச்சந்தலையில் மெல்லத் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று கூறுவது நம் நாட்டு வழக்கம். உடல்நலம் உள்ளவர்க்கு எப்போதோ ஒருமுறை புரையேறுவதால் கேடில்லை. வலிமையான இருமல் உட்புகுந்ததை வெளியேற்றிவிடும். ஆயின், பக்கவாதம் கண்ட ஒருவர்க்கு ஒவ்வொரு வேளையும் புரையேறுமாயின் அதை வழக்கத்தின்படி எளிதாகக் கருதிவிடலாகாது. வாயில் உள்ள கிருமிகள் உணவுடன் நுரையீரலை அடைந்து, நியுமோனியா என்னும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கக்கூடும்.

இருமல் எழாமலே புரையேறுதலும் உண்டு என்பது இதனினும் முக்கியமானது. தொண்டையின் உணர்ச்சி நரம்புகள் மரத்துப்போனவர்களிடம், நீர் மூச்சுக்குழலில் இறங்கினும் இருமல் தோன்றுவதில்லை. இதனை ஓசையற்ற புரையேற்றம் எனலாம். பக்கவாத நோயாளிகளைப் பற்றிய பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து டொராண்டோ நகர ஆராய்ச்சியாளர்கள் 2005இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் கருத்தக்கது. மேலோட்டமாகச் சோதித்த ஆராய்ச்சிகளில் நோயாளிகளுள் நூற்றுக்கு 37 முதல் 45 பேரிடமும், முறையாக நேரில் சோதித்தவற்றில் 51 முதல் 55 பேரிடமும், கருவிகளைக்கொண்டு சோதித்தவற்றில் 64 முதல் 78 பேரிடமும் விழுங்கற் கோளாறு காணப்பட்டது. மேலோட்டமான பார்வைக்குப் பல கோளாறுகள் தப்பிவிடுகின்றன என்பது இதனால் விளங்கும். விழுங்கற் கோளாறு உள்ளவர்க்கு நியுமோனியா தோன்றும் வாய்ப்பு, அஃது இல்லாதவர்க்கு உள்ளதைப்போல் மூன்று மடங்கு என்றும், புரையேற்றம் உறுதிப்பட்டவர்க்கு ஏறத்தாழப் பதினொரு மடங்கு என்றும் அக்கட்டுரை கூறுகிறது.

மற்றோர் அபாயமும் உண்டு. புரையேறும் அச்சத்தால் நோயாளி உணவையும் நீரையும் குறைத்துக்கொள்கிறார். வீட்டாரும் அஞ்சிக் கொடுக்காமல் இருந்துவிடுகின்றனர். உடல் மெலிந்து, நீர் வற்றி, நோயாளி தளர்கிறார். குடும்பத்தினரோடு அமர்ந்து உண்ணும் மகிழ்ச்சியையும் இழக்கிறார். நியுமோனியாவைத் தவிர்ப்பதோடு, அவர் வாயால் உண்ணும் உரிமையைக் கூடியமட்டும் காப்பதும் நம் கடமையாகும்.

எல்லார்க்கும் பொதுவான நிலை

உண்ணும்போது நிமிர்ந்து அமர்ந்திருத்தலே முதல் விதி. இடுப்பு ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கி, முதுகு நேராகத் தாங்கப்பட்டு, பாதங்கள் தரையிலோ பலகையிலோ படிந்து, தலை நடுவில் நேராக நிற்றல் வேண்டும். இந்நிலையில் உணவு நாவின் கட்டுப்பாட்டில் இருக்கும். தானாகத் தொண்டையில் வழிந்துவிடாது. உணவுக்குழலில் இறங்கியது மீண்டு மேலெழுவதும் குறையும். உண்டபின் அரைமணி நேரமேனும் இவ்வாறே அமர்ந்திருப்பது நலம்.

நம் வீடுகளில் இதைச் செயற்படுத்துவதில் சில தடைகள் உள்ளன. கயிற்றுக் கட்டிலின் நடுப்பகுதி தொய்ந்திருக்கும்; அதில் அமர்த்தினால் இடுப்பு பள்ளத்தில் ஆழ்ந்து, முதுகு வளைந்து, தலை பின்னே சாயும். கட்டிலின்மேல் ஒரு பலகையை இட்டு அதன்மேல் மெத்தையை விரித்தல் பயன் தரும். தலைக்கு மட்டும் தலையணைகளை அடுக்கினால் கழுத்து மடியுமேயன்றி உடல் நிமிராது. இடுப்பிலிருந்து தோள் வரை தாங்கல் வேண்டும். சாய்வு நாற்காலி ஓய்வுக்கு ஏற்றது; உண்பதற்கு ஏற்றதன்று. கைப்பிடியுள்ள மர நாற்காலியே சிறந்தது. பக்கவாதத்தால் ஒரு புறம் சாய்பவர்க்கு அப்புறத்தில் மடித்த போர்வையை அணைவாக வைக்கலாம்.

அண்ணாந்து பருகும் வழக்கம்

பாத்திரத்தை உதட்டில் படாமல் உயரத் தூக்கி, அண்ணாந்து நீர் பருகுவது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். தூய்மை கருதி எழுந்த இவ்வழக்கம் நலமுடையோர்க்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால், விழுங்கற் கோளாறு உள்ள பெரும்பாலோர்க்கு இதனினும் பொருந்தாத நிலை வேறில்லை என்றே கூறலாம். தலை பின்னே சாயும்போது குரல்வளையின் நுழைவாய் அகன்று நிற்கிறது. உணவுக்குழலின் மேல்வாயில் தளர்வதும் கடினமாகிறது. நீரோ நாவின் கட்டுப்பாட்டிற்கு உட்படாமல், திறந்த வாயின் வழியே நேரே தொண்டையில் விழுகிறது.

உதட்டில் வைத்துப் பருகுவோரும் தம்மையறியாமல் அண்ணாந்து பார்க்க நேரும் சந்தர்ப்பங்கள் பல. குறுகிய வாயுடைய டம்ளரில் நீர் அடிமட்டத்தில் இருக்கும்போது தலையைப் பின்னே சாய்த்தாலன்றி அது வாய்க்கு வாராது. வாய் அகன்ற டவராவிலோ கிண்ணத்திலோ கொடுத்தால் இக்குறை நீங்கும். கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுப்பது இன்னும் நன்று. மாத்திரையை நாவில் இட்டுத் தலையைப் பின்னுக்கு எறிந்து நீர் ஊற்றிக்கொள்ளும் பழக்கத்தையும் விலக்க வேண்டும். மாத்திரையைப் பொடிக்கலாமா என்பதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டறிந்த பின்னரே பொடித்துக் கூழில் கலந்து தரலாம். சில மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது.

ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டினால் நோயாளி அவரை நோக்கி முகத்தை உயர்த்துவார். எனவே ஊட்டுபவர் நோயாளிக்கு எதிரே, அவர் கண் மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ அமர வேண்டும். கரண்டி மேலிருந்து இறங்காமல், கீழுதட்டின் மட்டத்தில் நேராக வர வேண்டும்.

மோவாயைத் தாழ்த்தும் நிலை

இனி, ஒவ்வொரு நோயாளிக்கும் ஆராய்ந்து வகுக்கப்படும் நிலைகளைக் காண்போம். இவற்றை முறைப்படுத்தியவர்களுள் தலைசிறந்தவர், அமெரிக்க நாட்டின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெரி லோகெமன் என்னும் அம்மையார். நோயாளி பேரியம் கலந்த உணவை விழுங்கும்போது எக்ஸ் கதிர்களால் அக்காட்சியைத் தொடர்ந்து படம்பிடித்து, எந்த நிலையில் எவ்வழியே உணவு செல்கிறது என்பதை இவரும் இவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்தனர். விழுங்கற் கோளாறுகளின் சோதனையும் சிகிச்சையும் பற்றி இவர் எழுதிய நூல் 1983இல் வெளிவந்தது. இவர் 2014இல் மறைந்தார்.

இந்நிலைகளுள் பெரிதும் வழங்குவது மோவாயைத் தாழ்த்துதல். நோயாளி நிமிர்ந்து அமர்ந்து, சிறு கரண்டியளவு நீரையோ உணவையோ வாயில் வாங்கி, மோவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி, அந்நிலையிலேயே விழுங்குகிறார். விழுங்கி முடித்த பின்னரே தலையை உயர்த்த வேண்டும். கழுத்து மட்டும் மடிய வேண்டுமேயன்றி, முதுகு கூன வேண்டுவதில்லை. இதனால் நாவின் அடிப்பகுதி தொண்டையின் பின்சுவரை நெருங்குகிறது. குரல்வளையின் நுழைவாய் குறுகுகிறது. விழுங்குதல் தொடங்கச் சற்றுக் காலந்தாழ்த்துபவர்க்கு, நாவடியில் உள்ள பள்ளத்தில் உணவு சிறிது நேரம் தங்கி நிற்க இடமும் கிடைக்கிறது.

ஆயினும் இது எல்லார்க்கும் உகந்ததன்று. குரல்வளையின் இருமருங்கிலும் சிறு பள்ளங்கள் உள்ளன. அவற்றில் உணவு தேங்குமாயின், மோவாயைத் தாழ்த்தும்போது அது குரல்வளைக்குள் வழியக்கூடும். உதடுகளை இறுக மூட இயலாதவர்க்கு உணவு வாயிலிருந்து வெளியே ஒழுகும்.

தலையைத் திருப்புதலும் சாய்த்தலும்

தொண்டையின் ஒரு பக்கம் மட்டும் செயலிழந்திருப்பின், தலையை அந்தப் பலவீனமான பக்கம் நோக்கித் திருப்பி விழுங்குதல் பயனளிக்கும். திருப்பிய பக்கத்தில் தொண்டை நெருக்கப்பட்டு, உணவு நலமான பக்கத்தின் வழியே இறங்குகிறது. உணவுக்குழலின் மேல்வாயிலில் உள்ள அழுத்தமும் குறைகிறது. மூளைத்தண்டின் முகுளப் பகுதியில் பக்கவாதம் கண்டவர்களிடம் இதன் பயனை லோகெமன் குழுவினர் 1989இல் எடுத்துக்காட்டினர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தொண்டையின் பலவீனமான பக்கம், கை அல்லது காலில் குறை காணப்படும் பக்கமாகவே இருக்கும் என்று கொள்ளலாகாது. முகுளத்தின் பக்கவாட்டில் ஏற்படும் பக்கவாதத்தில் தொண்டைத் தளர்ச்சி ஒரு புறமும், உடலில் வலி, வெப்ப உணர்ச்சிக் குறைவு மறுபுறமும் காணப்படுவதுண்டு. ஆகவே பக்கத்தைக் களப் பணியாளர் ஊகித்துத் தீர்மானித்தல் தவறு. கழுத்தெலும்பில் அடியோ தேய்வோ உள்ளவர்க்குத் தலையைத் திருப்பும் பயிற்சியை மருத்துவர் அனுமதியின்றித் தருதலும் ஆகாது.

வாய், தொண்டை ஆகிய இரண்டும் ஒரே பக்கத்தில் தளர்ந்திருப்பின், தலையை வலிமையுள்ள பக்கமாகச் சாய்க்குமாறு வல்லுநர் கூறுவதுண்டு. திருப்புதல் பலவீனமான பக்கம் நோக்கியது. சாய்த்தல் வலிமையான பக்கம் நோக்கியது. இவ்விரண்டையும் மாற்றிச் செய்துவிடாமல் இருத்தல் வேண்டும்.

வாய்ப் புற்றுநோய்க்காக நாவின் ஒரு பகுதியை அறுவை செய்து நீக்கியவர்க்கு உணவைப் பின்னோக்கித் தள்ளும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. குரல்வளை நன்றாக மூடிக்கொள்ளும் நிலையில் உள்ள இத்தகைய சிலர்க்கு மட்டும், மூச்சை அடக்கித் தலையைச் சற்று உயர்த்தி விழுங்கும் பயிற்சி தரப்படுகிறது. பிறர்க்கு விலக்கப்பட்ட நிலையே இவர்க்கு உதவியாகிறது. இதனால் ஒரு நோயாளி செய்வதைக் கண்டு மற்றவர் பின்பற்றலாகாது என்பது தெளிவாகும்.

பயனின் அளவு

மோவாயைத் தாழ்த்துதலையும் நீரைக் கெட்டியாக்கித் தருதலையும் ஒப்பிடும் பெரியதோர் ஆராய்ச்சியின் முடிவுகள் அமெரிக்காவில் 2008இல் வெளியாயின. மறதிநோய் அல்லது நடுக்குவாதம் உடைய, நீர் பருகினால் புரையேறுகின்ற 711 பேர் எக்ஸ் கதிர்ச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். மோவாயைத் தாழ்த்தியபோதும் நூற்றுக்கு 68 பேர்க்குப் புரையேறியது. சிறிது கெட்டியாக்கிய நீரைப் பருகியபோது 63 பேர்க்கும், தேன் போன்று கெட்டியாக்கியபோது 53 பேர்க்கும் புரையேறியது. எந்த முறையாலும் புரையேற்றம் முற்றிலும் நின்றுவிடவில்லை.

ஆனால் அவர்களுள் 515 பேரை மூன்று மாதங்கள் தொடர்ந்து கவனித்தபோது, நியுமோனியா கண்டவர்களின் விகிதத்தில் இரு முறைகளுக்குமிடையே உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. உடலில் நீர் வற்றுதலோ, கெட்டியான நீர் பருகியவர்களுள் நூற்றுக்கு 6 பேரிடமும், மோவாயைத் தாழ்த்திப் பருகியவர்களுள் 2 பேரிடமும் காணப்பட்டது. ஒரு சோதனையின்போது நன்றாகத் தோன்றும் முறையே அன்றாட வாழ்விலும் சிறந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே நிலை, உணவின் பதம், நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றையும் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

உணவின் பதத்தைப் பொறுத்தவரை, நம் வீடுகளில் நோயாளிக்குத் தரப்படும் கஞ்சியைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். பருக்கை மிதக்கும் கஞ்சியில் நீர் ஒரு வேகத்திலும் பருக்கை வேறொரு வேகத்திலும் செல்வதால், விழுங்கற் கோளாறு உள்ளவர்க்கு அது எளிதன்று. பருக்கையை நன்றாக மசித்து ஒரே பதமாக்கிய கஞ்சியோ, கட்டியில்லாத கேழ்வரகுக் கூழோ மேலானது.

வாயின் தூய்மையும் நிலைக்கு இணையாக முக்கியமானது. ஜப்பானிய முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடத்தப்பெற்று 2002இல் வெளியான ஆராய்ச்சியில், வாய்ப் பராமரிப்பு முறையாகச் செய்யப்பட்டவர்களுள் நூற்றுக்கு 11 பேர்க்கும், செய்யப்படாதவர்களுள் 19 பேர்க்கும் நியுமோனியா கண்டது. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் கன்னத்தில் ஒதுங்கிய உணவைத் துடைத்தெடுத்து, பற்களையும் நாவையும் தூய்மை செய்தல் வேண்டும்.

குழந்தைகளும் பள்ளியும்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை மடியிலோ நீட்டிய கால்களின்மீதோ மல்லாத்திப் படுக்கவைத்து, சங்கினால் பாலோ கூழோ புகட்டுவது சில வீடுகளில் இன்றும் உண்டு. குழந்தையின் தலை பின்னே தொங்கும் இந்நிலையில் உணவு தானாகத் தொண்டையில் இறங்கிவிடுகிறது. விழுங்க ஆயத்தமாகும் வாய்ப்பே குழந்தைக்குக் கிடைப்பதில்லை. அழும் குழந்தை மூச்சை உள்ளிழுக்கும்போது உணவும் உட்புகக்கூடும்.

இக்குழந்தைகளுள் பலர்க்கு உடல் விறைத்துத் தலை பின்னே தள்ளும் இயல்பு உண்டு. தலையை மட்டும் பிடித்து முன்னே வளைக்க முயன்றால் விறைப்பு மிகும். முதலில் இடுப்பையும் முழங்கால்களையும் மடக்கி அமர்த்த வேண்டும். அவ்வாறு செய்தால் உடல் தளர்ந்து, தலை தானாகவே சற்று முன்னே வரும். சுவரின் மூலையைப் போன்று இரு பலகைகளைச் சேர்த்துச் செய்த இருக்கையும், முன்னே ஒரு மேசைப் பலகையும் உள்ளூர்த் தச்சரைக்கொண்டே செய்துகொள்ளக் கூடியவை.

பள்ளியில் மதிய உணவு வேளையில் ஆசிரியர் செய்யத்தக்கவை பல. இக்குழந்தைகளுக்குப் போதிய நேரம் அளித்தல், பேச்சும் சிரிப்பும் அடங்கிய இடத்தில் அமர்த்துதல், பாதங்கள் தொங்காமல் பலகையில் படியுமாறு செய்தல், ஒரு வாய் விழுங்கிய பின்னரே அடுத்த வாய் தருதல் ஆகியவை போதும். உணவுக்கு அரைமணி நேரத்திற்கு மேலாவதும், அடிக்கடி நெஞ்சுச்சளி வருவதும், எடை ஏறாமலிருப்பதும் விழுங்கற் கோளாற்றின் அறிகுறிகளாகலாம். 2013இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அமைந்துள்ள மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு இத்தகைய குழந்தைகளை அனுப்பலாம்.

எல்லைப்புறக் கிராமங்களில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், மாநில எல்லையை ஒட்டி அமைந்துள்ளது கோவிந்தாபுரம். இது முதலமடை ஊராட்சியைச் சார்ந்தது. இங்கும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு ஆகிய தோட்டப் பகுதிகளிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் பல வாழ்கின்றன. மருத்துவமனைச் சீட்டு ஆங்கிலத்திலும், செவிலியரின் விளக்கம் மலையாளத்திலும், வீட்டாரின் பேச்சு தமிழிலும் அமைவது இங்கு இயல்பு. தலை நிலையைப் பற்றிய அறிவுரை இவ்வாறு மொழி மாறிச் செல்கையில் பொருள் திரியக்கூடும்.

சான்றாக, மலையாளத்தில் தாடி என்னும் சொல் மோவாயையும் குறிக்கும்; தமிழிலோ அது முகத்தில் வளரும் மயிரையே குறிக்கிறது. மோவாய் என்னும் நூல்வழக்குச் சொல்லும் பலர்க்கு விளங்காது. முகவாய்க்கட்டை, தாவாங்கட்டை என்றால் விளங்கும். தலையைக் குனியுங்கள் என்று மட்டும் கூறினால் நோயாளி இடுப்போடு வளைந்துவிடுவார். தாவாங்கட்டை நெஞ்சைப் பார்க்கட்டும், முதுகு நேராக இருக்கட்டும் என்று கூறுதல் தெளிவானது. திருப்புதல், சாய்த்தல் என்பனவற்றையும் சொல்லால் மட்டுமன்றிச் செய்துகாட்டியே விளக்க வேண்டும். வல்லுநர் கூறிய நிலையை எளிய கோட்டுப் படமாக வரைந்து, கட்டிலருகே சுவரில் ஒட்டிவைத்தால், ஊட்டுபவர் மாறினாலும் முறை மாறாது.

இப்பகுதிகளில் இவ்வுதவியை வீட்டிற்கே கொண்டுசெல்லும் அமைப்புகள் உள்ளன. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய தன்னார்வ முயற்சியிலிருந்து கேரளத்தில் நோய்த்தணிப்புப் பராமரிப்பு, அதாவது பாலியேட்டிவ் பணி, வளர்ந்தது. இதற்கெனக் கேரள அரசு 2008இல் தனிக் கொள்கை வகுத்தது. இந்திய மாநிலங்களுள் இவ்வாறு செய்தது அதுவே முதலாவது. உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் செவிலியர் படுக்கை நோயாளிகளை வீடுதேடிச் சென்று கவனிக்கின்றனர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் நோய்த்தணிப்புப் பணியும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. நுணுக்கமான சோதனை வேண்டுவோரைப் பேச்சு, விழுங்குதல் வல்லுநர் உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பாலக்காடு மாவட்டத்திலேயே ஷொர்ணூரை அடுத்த கவளப்பாறையில், நரம்பியல் காரணமாகப் பேச்சும் அறிவாற்றலும் பாதிக்கப்பட்டோர்க்கான மாநில அரசின் நிறுவனம் ஒன்று உள்ளது. மைசூரில் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனமும், திருவனந்தபுரத்தில் 1997இல் நிறுவப்பெற்ற தேசியப் பேச்சு, கேள்வி நிறுவனமும் இத்துறை வல்லுநர்களைப் பயிற்றுவிக்கின்றன.

களப் பணியாளர் கருத்திற்கொள்ள வேண்டியவை

1. விழிப்பில்லாதவர்க்கும் அரைத்தூக்கத்தில் உள்ளவர்க்கும் வாய்வழியாக எதையும் கொடுக்கலாகாது. எந்த நிலையும் இவர்க்குக் காப்பளிக்காது.

2. பக்கவாதம் புதிதாகக் கண்டவர்க்கு, விழுங்கும் ஆற்றலைச் சோதித்த பின்னரே நீரோ உணவோ தர வேண்டும். தாகம் என்று இரங்கி நீர் புகட்டிவிடுதல் கூடாது. சோதனைக்குப் பின் பலர்க்கு ஓரிரு வாரங்களில் விழுங்கும் ஆற்றல் மீள்வதுண்டு. ஆகவே மறுசோதனையும் வேண்டும்.

3. உண்ணும்போது இருமல், உண்டபின் குரல் ஈரமாகக் களகளவென ஒலித்தல், மூச்சு விரைதல், அடிக்கடி காய்ச்சல், எடை குறைதல் ஆகியவற்றைக் குறித்துவைத்து மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இருமல் இல்லாமையையே நலத்தின் அடையாளமாகக் கொள்ளலாகாது.

4. நிமிர்ந்து அமர்தல், அண்ணாவாதிருத்தல், சிறு அளவாக மெல்ல உண்ணுதல், வாயைத் தூய்மையாக வைத்தல் ஆகிய நான்கும் பொதுவானவை. இவற்றைக் களப் பணியாளரே கற்பிக்கலாம். மோவாயைத் தாழ்த்துதல், திருப்புதல், சாய்த்தல், உயர்த்துதல் ஆகியவற்றை வல்லுநர் வகுத்தபடியே கடைப்பிடிக்கச் செய்தல் வேண்டும்.

5. மூக்கு வழிக் குழாயின் மூலம் உணவு பெறுவோர்க்கும் நிலை முக்கியம். உணவு செலுத்தும்போதும் அதன்பின் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரையும் தலைப்புறம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும்.

6. உணவு அடைத்து, இருமவோ பேசவோ மூச்சுவிடவோ இயலாமற்போனால், அது வேறு வகை நெருக்கடி. முதுகில் தட்டுதல், மேல்வயிற்றை அழுத்துதல் ஆகிய முதலுதவிகளை ஒவ்வொரு பணியாளரும் ஆசிரியரும் முறையாகப் பயின்றிருத்தல் வேண்டும். இருமக்கூடியவரை இருமவிடுதலே சிறந்தது.

வாழ்வின் இறுதி நாட்களில் உள்ளவர்க்கு நிலைகளும் பயிற்சிகளும் பயன்படாத காலம் வரலாம். அப்போதும் வீட்டார் எதுவும் செய்ய இயலாதவராகிவிடுவதில்லை. தலைப்புறத்தை உயர்த்தி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, நனைத்த மெல்லிய துணியால் உதடுகளையும் வாயையும் ஈரப்படுத்தினால் வறட்சி தணியும். அன்புடன் நீர் ஊட்டும் கை, தீங்கின்றி ஆற்றக்கூடிய பணி இது.

விழுங்கற் கோளாறு உள்ள ஒருவர் மூன்று வேளை உண்பதும் பலமுறை பருகுவதும் வீட்டில்தான் நடைபெறுகின்றன. மருத்துவர் அவரைக் காண்பது எப்போதோ ஒருமுறை. ஆதலின், அவரது நலம் பெரும்பாலும் கட்டிலருகே அமர்ந்து ஊட்டுபவரின் கையில் உள்ளது. ஊட்டுபவர்க்கு ஒரு நாற்காலியை இடும் முறையையும், ஒரு டவராவைப் பிடிக்கும் முறையையும், தலை நிற்க வேண்டிய நிலையையும் பொறுமையுடன் கற்பிப்பது களப் பணியாளரின் சிறந்த தொண்டுகளுள் ஒன்றாகும்.